புள்ளிக் கோலமும் சுழல் சமச்சீரும்

சென்ற கிறிஸ்துமஸ் விழாவுக்கு எங்கள் வகுப்பு வாயிலில் புள்ளி வைத்து ஐந்து முனை விண்மீன் கோலம் இட முயன்றோம். எத்தனை முறை அழித்து இட்டாலும் ஒரு முனை நீண்டது. அல்லது ஒரு பக்கம் குறுகியது. "உன் கை சரியில்லை" என்று ஒருவரையொருவர் கடிந்துகொண்டோம். கணிதம் கற்பிக்கும் சகோதரி பார்த்துவிட்டு, "குறை கையில் இல்லை, புள்ளியில் இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடியுங்கள்" என்றார். கண்டதை இங்கே தருகிறோம்.

முதலில் சுழல் சமச்சீர் என்றால் என்ன என்று காண்போம். அட்டையில் வெட்டிய உருவத்தின் மையத்தில் ஊசி குத்திச் சுழற்றுவோம். ஒரு முழுச் சுற்றில் அது தன் பழைய நிலையோடு எத்தனை முறை பொருந்துகிறதோ, அந்த எண்ணே அதன் சுழல் சமச்சீர் வரிசை. சமபக்க முக்கோணத்துக்கு 3, சதுரத்துக்கு 4, ஒழுங்கு ஐங்கோணத்துக்கு 5, ஒழுங்கு அறுகோணத்துக்கு 6. 360°-ஐ இவ்வெண்ணால் வகுத்தால் திருப்ப வேண்டிய கோணம் கிடைக்கும். நம் தேசியக் கொடியின் சக்கரத்தில் 24 ஆரங்கள். ஆகவே 15° திருப்பினாலே போதும்.

மடித்தால் பொருந்துவது வேறு, சுழற்றினால் பொருந்துவது வேறு. தேர்வில் பலர் தவறுவது இங்கேதான். சாதாரண இணைகரத்தை எப்படி மடித்தாலும் பொருந்தாது. ஆனால் 180° திருப்பினால் பொருந்தும். நம் ஆலயச் சிலுவையின் கீழ்த்தண்டு நீளமானது. அதை நெடுக்காக மடித்தால் பொருந்தும், சுழற்றினாலோ முழுச் சுற்றுக்கு முன் பொருந்தாது. செம்பருத்திப் பூவின் ஐந்து இதழ்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திசையில் படிந்திருக்கும். அதனால் அவை சுழற்சியில் ஐந்து முறை பொருந்தும், மடிப்பில் பொருந்தா.

இனி, நம் விண்மீனுக்கு வருவோம். ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் ஐந்து மூலைகளும் கோலப் புள்ளிகளிலேயே அமைந்தன என்று கொள்வோம். மூலைகளை வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ என்போம். அஈ, இஉ என்னும் மூலைவிட்டங்கள் வெட்டும் இடம் ப. அஈ என்பது ஆஇ-க்கு இணை. இஉ என்பது அஆ-க்கு இணை. எனவே அ, ஆ, இ, ப ஓர் இணைகரம். ஆ-விலிருந்து அ-வுக்கு எத்தனை புள்ளி தள்ளிப் போகிறோமோ, அத்தனையே இ-யிலிருந்து தள்ளிப் போனால் ப வரும். ஆகவே ப-வும் ஒரு கோலப் புள்ளி!

இப்படியே ஐந்து மூலைவிட்டங்களும் வெட்டும் ஐந்து இடங்களும் கோலப் புள்ளிகளாகும். அவை உள்ளே ஒரு சிறிய ஒழுங்கு ஐங்கோணம் ஆகின்றன. அதற்குள் இன்னும் சிறியது, அதற்குள் அதனினும் சிறியது என்று முடிவின்றிப் போகும். ஆனால் கோலப் புள்ளிகளுக்கிடையே ஒரு குறைந்த இடைவெளி உண்டல்லவா? அதைவிட நெருங்கிய புள்ளிகள் ஏது? ஆகவே நாம் கொண்டது தவறு. நேர்ப்புள்ளியானாலும் இடைப்புள்ளியானாலும் பிழையற்ற ஐங்கோணம் அமையவே அமையாது.

அறுகோணத்தில் இவ்வாறு செய்தால் நான்காம் மூலை மையத்திலேயே விழுகிறது, சிக்கல் இல்லை. 7 புள்ளியில் தொடங்கி இருபுறமும் 4 வரை இடைப்புள்ளி வைத்தால் 37 புள்ளிகளில் அழகிய அறுகோணம் வரும். புள்ளிக்குப் புள்ளி 10 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 8.7 செ.மீ. விட வேண்டும்.

கோலத்தில் கணிதமா என்று நகைக்க வேண்டாம். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களைப் பற்றிக் கணித ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டனர். மார்கழி விடியலில் குள்ளஞ்சாவடித் தெருக்களில் நம் தாய்மார் குனிந்து இடும் கோலங்களிலும் இக்கணிதமே இருக்கிறது.

முடிவில் புள்ளியை விட்டு நூலை எடுத்தோம். வாயிலில் வட்டமிட்டு, பாகைமானியால் 72° வீதம் ஐந்து இடங்களைக் குறித்து, ஒன்று விட்டு ஒன்றாக இணைத்தோம். விண்மீன் பிறந்தது. தோழியர் மேல் சுமத்திய பழியையும் அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டோம். எங்கள் புள்ளிகளில் அடங்காத அந்த ஐந்தை இறைவன் செம்பருத்தியில் எவ்வளவு எளிதாக வைத்திருக்கிறார்! நாளைக் காலை ஒரு பூவைக் கையிலெடுத்து நீங்களும் சுழற்றிப் பாருங்கள்.