குறைந்த மின்சாரத்தில் குளிர்சாதனம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் எங்கள் மணிமங்கலமும் ஒன்று என வரலாறு கூறும். இன்று அங்கே நடப்பது வெயிலோடு போர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் உழைப்போர் பலர் எங்கள் ஊர் வரிசை வீடுகளில் குடியிருக்கின்றனர். இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் உறங்கியாக வேண்டும். சித்திரை வெயிலில், சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் அது எளிதன்று.

என் தந்தையாரும் அத்தகையவரே. சென்ற கோடையில் ஒரு நாள் வேலையின் நடுவே கண்ணயர்ந்து, கையில் காயத்துடன் வீடு திரும்பினார். அதன் பின்னரே என் தாயார் சீட்டுப் பணத்தை எடுத்து, ஒரு டன் குளிர்சாதனக் கருவி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். அதை இயக்கிய முதல் நாளே, உறுமல் ஓசை ஒன்று கேட்டது. சில நொடிகளில் நான்கு வீடுகளிலும் மின்சாரம் நின்றது. "அக்கா, உங்க ஏ.சி.யால எங்க வீட்டுச் சோறு பாதியில நின்னு போச்சே" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். "நீ படிக்கிறது இதுக்கு உதவாதா?" என்று தாயார் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

கணக்கு

எங்கள் நான்கு வீடுகளுக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றே காவல். மின்னழுத்தம் 230 வோல்ட் எனக் கொண்டால், 16 × 230 = 3680 வாட். இதுவே எங்கள் மொத்தச் செல்வம். நான்கு மின்விசிறிகளுக்கு 300 வாட், குளிர்பதனப் பெட்டிக்கு 150, மின்காந்த அடுப்புக்கு 2000, தண்ணீர் மோட்டாருக்கு 1000, ஏ.சி.க்கு 1100. கூட்டினால் 4550 வாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வழியில்லை.

இது ஏழைகளின் சிக்கல் மட்டும் அன்று. அமெரிக்காவில் சக்கரங்களின் மேல் வீட்டை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவோர், முகாம் திடல்களில் பெறும் இணைப்பு பெரும்பாலும் 120 வோல்ட், 30 ஆம்பியர். அதாவது 3600 வாட். அவர்களும் ஒன்றை அணைத்தே மற்றொன்றை இயக்க வேண்டியிருக்கிறது.

தொடக்கமே தொல்லை

ஆனால் முதல் நாள் தண்ணீர் மோட்டார் ஓடவில்லையே! மற்றவற்றைக் கூட்டினால் 3550 வாட்தானே? பிறகு ஏன் நின்றது? ஏ.சி. ஓடும்போது ஏறத்தாழ 5 ஆம்பியர் எடுக்கும். ஆயின் அதன் அமுக்கி, அதாவது கம்ப்ரசர், நின்ற நிலையிலிருந்து புறப்படும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனை 30 ஆம்பியர் எனக் கொள்வோம். மின்மானியிலிருந்து எங்கள் அறைக்கு 30 மீட்டர். போக்கும் வரவும் சேர்த்து 60 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இதன் மின்தடை ஏறத்தாழ 0.73 ஓம். ஓம் விதிப்படி 30 × 0.73 = 22 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படுகிறது.

துறைப் பேராசிரியர் தந்த மல்டிமீட்டரில் மின்மானி அருகே நான் அளந்தது 200 வோல்ட். அப்படியானால் ஏ.சி.க்குக் கிடைப்பது 178 வோல்ட். மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 230 வோல்ட்டில் கிடைக்க வேண்டிய விசையில் 60 விழுக்காடே மிஞ்சும். அமுக்கி சுழல முடியாமல் உறுமுகிறது, பெரும் மின்னோட்டம் தொடர்கிறது, எம்.சி.பி. விழுகிறது. அது விழுவது குற்றமன்று, காவல். பெரிய எம்.சி.பி.யை மாற்றிப் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை கூறினர். மெல்லிய கம்பியை அப்படியே விட்டுக் காவலை மட்டும் தளர்த்தினால், சூடேறிய கம்பி தீப்பிடிக்கக்கூடும்.

செய்தவை

உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, மின்மானியிலிருந்து ஏ.சி.க்குத் தனியே 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தோம். மின்னழுத்த இழப்பு 22 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டாகக் குறைந்தது. காலத்தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் ஒன்றைப் பொருத்தினோம். மின்வெட்டு நீங்கியவுடன் அமுக்கியை இயக்கலாகாது. குழாய்களில் உள்ள வாயுவின் அழுத்தம் சமமாக ஏறத்தாழ மூன்று நிமிடம் வேண்டும். கூரைக்கு வெண்சுண்ணாம்பு பூசினோம். வெப்பநிலையை 26 டிகிரியில் வைத்தோம். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணிப்பு.

புதிதாக வாங்குவோர் இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்குதல் நலம். அது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, பின் வேண்டிய அதிர்வெண்ணில் மீண்டும் மாற்றி, அமுக்கியை மெல்லப் புறப்படச் செய்கிறது. இதனை வீட்டில் மின்வெட்டுக்கு வைக்கும் இன்வெர்ட்டரோடு குழப்பிக்கொள்ளலாகாது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் இருப்பது 1.8 யூனிட்டே. கணக்கின்படியும் எங்கள் ஏ.சி. அதில் இரண்டு மணி நேரம்கூட முழுமையாக ஓடாது.

எஞ்சியதை இயற்பியல் தீர்க்கவில்லை. நான்கு குடும்பங்கள் திண்ணையில் அமர்ந்து பேசித் தீர்த்தன. மோட்டார் காலை 5 மணிக்கு. சமையல் 9 மணிக்குள். 9 முதல் 2 வரை ஏ.சி.; மாலையில் மின்னழுத்தம் தாழும்போது ஏ.சி. கிடையாது. அதன் செலவை நாங்களே ஏற்கும்படி தனி அளவி ஒன்றும் வைத்தோம். ஒரு கிணற்று நீரைப் பல வயல்கள் முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்தானே எங்களுடையது!

நண்பர்களே, ஓம் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அதன் பொருள் எனக்கு விளங்கியது, பகல் 11 மணிக்கு என் தந்தையார் குறட்டை விட்டு உறங்கக் கண்ட நாளில்தான்.