ஒரு மேசைக்கு இரு நாட்டு ஒயின்

அன்புள்ள தம்பிக்கு,

ஒயின் பரிமாறும் பொறுப்பை உன் உணவகத்தில் உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். "நாலு பேர் மேசை. முதலில் காரமான இறால், பிறகு மாட்டிறைச்சி. எந்த நாட்டு ஒயினைச் சொல்வது?" என்றும் கேட்டிருக்கிறாய்.

நாட்டிலிருந்து தொடங்காதே, தட்டிலிருந்து தொடங்கு. புளிப்பு, உப்பு, காரம், கொழுப்பு, இவற்றில் எது தூக்கலாக இருக்கிறது என்று பார். இறால் என்ற பெயரைவிட அதில் சேர்த்த மசாலாவே முடிவு செய்யும். தட்டு தெளிந்தபின் அதற்கு ஏற்ற நாடு தானே வந்து நிற்கும்.

உன் முதல் தட்டில் காரம் ஓங்கி நிற்கிறது. ஆல்கஹால் மிகுந்த ஒயினைக் கொடுத்தால் எரிச்சல் கூடும். ஆகவே ஜெர்மனிக்குப் போ. மோசல் ஆற்றின் சரிவுகளில், ஏறத்தாழ 50 பாகை வட அட்சரேகையில், ரீஸ்லிங் திராட்சை விளைகிறது. அவ்வளவு குளிரில் பழம் கனிவதற்கு, செங்குத்தான சரிவில் நேராக விழும் வெயிலும், அந்தச் சூட்டை வாங்கி இரவில் வெளியிடும் ஸ்லேட் கற்களும் உதவுகின்றன. மெல்லக் கனிவதால் புளிப்பு மங்குவதில்லை. இங்கே கபினெட் வகை ஒயினில், சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாக மாறுவதற்குள் நொதித்தலை நிறுத்திவிடுவது வழக்கம். அதனால் சிறிது இனிப்பு மிஞ்சும். ஆல்கஹாலும் பெரும்பாலும் 8, 9 சதவீதத்தில் நின்றுவிடும். அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும், புளிப்பு வாயைத் துடைத்து அடுத்த கவளத்துக்குத் தயாராக்கும். ஒன்றைக் கவனி: லேபிளில் 'ட்ரோக்கன்' என்றிருந்தால் அதில் இனிப்பு தெரியாது, இந்த இறாலுக்கு அதை எடுக்காதே.

இரண்டாவது தட்டுக்கு இத்தாலி. பியமோன்ட் பகுதியின் பரோலோ ஒயின் நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்யப்படுவது. விதிப்படி குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். நிறம் வெளிறித்தான் இருக்கும். அதைப் பார்த்து மென்மையானது என்று எண்ணிவிடாதே. துவர்ப்பும் புளிப்பும் இரண்டுமே இதில் பலம். துவர்ப்பைத் தரும் டானின் நம் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. நிணமுள்ள இறைச்சியை உப்பிட்டு, நேரமெடுத்து வேகவைத்துக் கொடுத்தால் அந்தத் துவர்ப்பு அடங்கிப் பழத்தின் மணம் முன்னே வரும். அந்த ஊரில் பரோலோவிலேயே மாட்டிறைச்சியை வேகவைக்கும் உணவு தலைமுறைகளாக இருக்கிறது.

இரண்டையும் மாற்றி ஊற்றினால் என்ன ஆகும்? காரமான இறாலோடு பரோலோ கசந்து எரியும். இறைச்சியின் கனத்துக்கு முன் கபினெட் மெலிந்துபோகும். இரண்டும் நல்ல ஒயின்களே, இடம்தான் தவறு.

வரிசையும் முக்கியம். மெல்லியது முதலில், கனமானது பின்னால். ரீஸ்லிங்கை 8 முதல் 10 பாகை செல்சியஸில் கொடு. பரோலோவை 16 முதல் 18 பாகையில். இளம் பரோலோவைச் சாப்பாட்டுக்கு முன்பே திறந்து டிகேன்டர் குடுவையில் ஊற்றி வை. 750 மில்லி புட்டியில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். நால்வருக்கு இரண்டு புட்டி போதும். புட்டியைத் திறந்ததும் அதை வரவழைத்த விருந்தினருக்குச் சிறிது ஊற்றுவது, ஒயின் பழுதில்லை என்று அவர் பார்த்துக்கொள்ளத்தான். நனைந்த அட்டைப்பெட்டி போல வீசினால் கார்க் கெட்டிருக்கிறது. வாதாடாமல் வேறு புட்டி கொண்டுவா. விலையைப் பிறர் முன் உரக்கச் சொல்லாதே, பட்டியலில் விரலால் காட்டி, "இந்த மாதிரி பார்க்கலாமா?" என்று கேள். குடிக்காதவருக்கு, வற்புறுத்தாமல், அதே அக்கறையோடு வேறு பானம் கொடு.

நாளை வேலை தொடங்குமுன் ஒரு பயிற்சி செய். இரு ஒயின்களிலும் ஒவ்வொரு மிடறு குடி. பிறகு எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, மிளகாய் ஒவ்வொன்றையும் நாவில் வைத்து மறுபடி குடித்துப் பார். உப்பும் புளிப்பும் ஒயினை இளக்கும். இனிப்பு அதைப் புளிப்பாக்கும். மிளகாய் ஆல்கஹாலின் சூட்டைக் கூட்டும். உணர்ந்ததை உடனே எழுதி வை. நாவால் அறிந்தவன்தான் விருந்தினரிடம் தயங்காமல் பேச முடியும். அப்படிப் பேசியும் அவர் இறாலோடு பரோலோதான் வேண்டுமென்றால், முகம் கோணாமல் ஊற்று. அவர் ருசிதான் அந்த மேசையில் பெரியது.

அன்புடன்,
உன் அண்ணன்