திறக்க வேண்டிய வேளையில் திறக்கும் கதவு

சாவிக்கொத்துகளை ஒழித்துவிட்டு, டேக்கைக் காட்டினால் திறக்கும் கதவுகளை எங்கள் கட்டடத்தில் அமைத்து, அவற்றை அபாயமணியோடு இணைப்பதென்று தீர்மானமானபோது, விலைப்புள்ளி கொடுக்க வந்தவர்கள் யாவரும் எத்தனை கதவு, எத்தனை டேக் என்று கேட்டார்களேயன்றி, மின்சாரம் நின்றால் எந்தக் கதவு திறந்துகொள்ள வேண்டும், எது பூட்டியே இருக்க வேண்டும், தீ பிடித்தால் மாடியில் உள்ளவர்கள் எவ்வழியே இறங்குவார்கள் என்று ஒருவரும் வினவவில்லை. சென்னையில், கீழே கடைகளும் மேலே மூன்று தளங்களில் அலுவலகங்களுமாக உள்ள அக்கட்டடத்தின் சங்கக் காரியதரிசி என்ற முறையில், இந்தக் கேள்விகளுக்கெல்லாம் கதவுவாரியாகப் பதில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே வயரிங் வேலையைத் தொடங்கச் சொன்னேன். இக்காரியத்தில் இறங்குகிறவர்களுக்கு நான் கூறக்கூடிய யோசனைகளில் பிரதானமானது அதுதான்.

காந்தப் பூட்டு மின்சாரம் ஓடும்வரை கதவைப் பிடித்திருந்து, நின்ற கணமே விட்டுவிடும் சுபாவம் உடையது. எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் என்னும் மின்பூட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் வகையோ, மின்சாரம் நின்றாலும் வெளியிலிருந்து வருகிறவனுக்குத் திறக்காது. உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வெளியேறலாம். ஆதலால் மாடிப்படிக் கதவுகளுக்கு முன்னதையும், தஸ்தாவேஜுகள் வைத்துள்ள அறைக்குப் பின்னதையும் தேர்ந்தோம். தீ அபாயமணிக்கும் காந்தப் பூட்டுக்கும் உள்ள இணைப்பைப் பற்றி, வேலைக்கு வந்த இளைஞரோடு சிறிது விவாதம் நேர்ந்தது.

“சாஃப்ட்வேர்லயே பண்ணிடலாம் சார், தனியா வயர் இழுக்க வேண்டாம்.”

“கம்ப்யூட்டர் இருக்கிற அறையிலேயே தீப்பிடிச்சா என்ன தம்பி பண்ணுவீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே வயர் இழுத்தார். தீ அபாயமணிப் பெட்டியின் ரிலே, டேக்கைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கும் கன்ட்ரோலரின் தயவை எதிர்பாராமல், பூட்டுக்குப் போகும் மின்சாரத்தைத் தானே நேராகத் துண்டிக்க வேண்டும். அதோடு காந்தப் பூட்டுள்ள ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும், அழுத்தினால் அதே மின்சாரத்தை அறுக்கும் பச்சை நிற பிரேக் கிளாஸ் பெட்டி ஒன்றும் வேண்டும். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்ப்பவரிடம் வேலையை ஒப்படைக்கலாகாது.

திருட்டு அபாயமணியோடு இணைப்பது வேறு விதமான சூட்சுமம். அதிகாலையில் பெருக்க வருகிற அம்மாள் டேக்கைக் காட்டுகிறார், கதவு திறக்கிறது, ஆனால் மணியை அணைக்கும் அதிகாரம் அவருடைய டேக்குக்கு இல்லை. முப்பது விநாடி அவகாசம் கழிந்ததும் தெருவே எழுந்துகொள்ளும்படி சைரன் அலறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் அந்த அம்மாளைக் குறை சொல்ல நியாயமே இல்லை. மணி விழித்திருக்கும்போது, அதை அணைக்க உரிமையில்லாத டேக்குக்குக் கதவே திறக்கக்கூடாது என்று கன்ட்ரோலரில் விதித்துவிட்டால், இவ்வித வீண் அலறல்களில் பெரும்பகுதி பிறக்கவே வழியிராது. எங்கள் பெருக்கும் அம்மாளுக்குக் கீழ்த்தளத்து மணியை மட்டும் அணைக்கும் உரிமை தந்திருக்கிறோம். மணியை விழிக்கச் செய்வதையோ தானாக நிகழ விடாமல், கடைசியாகப் புறப்படுகிறவர் பொத்தானை அழுத்தி டேக்கையும் காட்டினாலன்றி நடவாதபடி வைத்தோம். உள்ளே எவரேனும் வேலை செய்துகொண்டிருக்கிறாரா என்று ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும் அல்லவா?

கதவு நிலையில் பதிக்கும் சிறு காந்த சென்ஸாரை அனாவசியச் செலவென்று சிலர் தவிர்க்கிறார்கள். பூட்டு விடுவிக்கப்பட்டது என்பதைக் கன்ட்ரோலர் அறியும். கதவு திரும்ப மூடியதா என்பதை அந்த சென்ஸார் இல்லாமல் அறியாது. தண்ணீர் கேன் கொண்டுவரும் பையன் கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டுப் போவதை எந்த டேக்கும் தடுக்காது; சென்ஸார் இருந்தால் பஸ்ஸராவது கத்தும்.

டேக்குகளில் மலிவானவை 125 கிலோஹெர்ட்ஸ் வகை. யார் கேட்டாலும் தன் பெயரைச் சொல்லிவிடும் குழந்தையைப் போல, எந்த ரீடர் நெருங்கினாலும் தம் எண்ணை ஒப்பிப்பதால், நகலெடுப்பது மிக எளிது. 13.56 மெகாஹெர்ட்ஸில் பரவலாக வழங்கிய மைஃபேர் கிளாசிக்கின் சங்கேத முறையையும் 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஏஇஎஸ் சங்கேதமுள்ள டெஸ்ஃபயர் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணல்ல. ஆனால் ரீடர் வெறும் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி விட்டுவிட்டால், அந்தப் பணத்துக்குப் பலன் இல்லை. கன்ட்ரோலர் பெட்டி கதவுக்கு உட்புறத்தில் இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

பேட்டரிக் கணக்கைக் கட்டாயம் நீங்களே போடுங்கள். 12 வோல்ட்டில் இயங்கும், சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும் காந்தப் பூட்டு ஏறக்குறைய அரை ஆம்பியர் குடிக்கும். அத்தகைய இரண்டு பூட்டுகளை ஒரு 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டளவில் ஏழு மணி நேரமும், ரீடரும் கன்ட்ரோலரும் பங்கு கேட்பதாலும் பேட்டரி முதுமையடைவதாலும் நடைமுறையில் அதற்கு வெகு குறைவாகவுமே தாங்கும். அது தீர்ந்தபின் வாசல் திறந்த வீடுதான். புயல் மழைக் காலத்தில் இரவெல்லாம் மின்சாரம் இல்லாமற்போவது நம் ஊரில் அபூர்வமன்று. ஆகையால், உள்ளே எவரும் இல்லையென்று உறுதியான பின்னர் இழுத்துப் பூட்டும் பழைய இரும்பு ஷட்டரை நாங்கள் அகற்றவில்லை.

மாதம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை நிறுத்தியும், தீ அபாயமணியை ஒலிக்கச் செய்தும், ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளிப் பார்க்கிறோம். அப்போதே வேலையை விட்டுப் போனவர்களின் டேக்குகளை நீக்குவதோடு, கன்ட்ரோலரின் கடிகாரத்தையும் சரிபார்க்கிறோம். அது பத்து நிமிஷம் பிந்தி ஓடினால், எவர் எப்போது நுழைந்தார் என்ற பதிவு மணி ஒலித்த நேரத்தோடு பொருந்தாமல், போலீஸ்காரர் கேட்கும் வேளையில் பிரயோஜனமற்றுப் போகும்.