கையெழுத்து மட்டும் அவசரப்பட்டுப் போடாதே

மதுரை

அன்புள்ள கவிதாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

மாப்பிள்ளை போனில் எல்லாம் சொன்னார். நீ சொல்லவில்லை, பரவாயில்லை. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் அவர்தான் சொன்னார்.

ஸ்கேன் எடுத்த தேதி, டாக்டர் பெயர், போட்ட ஊசியின் பெயர் எல்லாம் பிசகாமல் சொல்லி, பில்லில் பாக்கி என்று ஒருவன் கேட்டால் யார்தான் 18,500 ரூபாய் அனுப்பமாட்டார்கள்? உன்மேல் தப்பில்லை. உடனே 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தது நல்ல காரியம். அந்தப் புகார் எண், பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட், சிகிச்சைக்குக் கட்டிய ரசீதுகள் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வை.

உன் விவரத்தை வெளியே விட்ட ஆஸ்பத்திரிக்காரர்கள், ஒரு வருஷம் செக்கப் இலவசம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்களாமே. முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அந்தத் தாளின் அடியில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும், பார். உன் பாட்டியின் கேஸ் ஷீட் விவகாரத்தில் உன் அப்பன் போட்ட கையெழுத்துக்கு மேலேயும் அதே வரிதான் இருந்தது. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெரிய இடம், நாளைக்கும் அங்கேதானே போகணும்" என்றான். அப்புறம் ஒரு நாளாவது போனானா?

நுகர்வோர் சட்டம் 2019-இல், நம்பிச் சொன்ன சொந்த விவரத்தை வெளியே விடுவதும் முறையற்ற வணிகம்தான். நீ இருக்கும் கோயம்புத்தூரிலேயே மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். சிகிச்சைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். (எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்த வழி இல்லை. நீ காசு கட்டியவள்.)

இன்னொன்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஏ பிரிவு. நோயாளியின் விவரத்தை அஜாக்கிரதையாக வைத்து, அதனால் நஷ்டம் வந்தால் இழப்பீடு. நம் மாநிலத்தின் ஐடி துறைச் செயலரே 5 கோடி வரை விசாரிக்கலாம். 2010-இல் அந்த நாற்காலியிலிருந்துதான், ஆன்லைனில் பணம் பறிகொடுத்த ஒருவருக்கு 12.85 லட்சம் கொடுக்கச் சொல்லி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவு போனது.

சொந்த விவரங்களின் பாதுகாப்புக்கென்று 2023-இல் வந்த புதுச் சட்டத்தைப் பெரிதாகப் பேசுகிறார்கள். 250 கோடி வரை அபராதமாம். அத்தனையும் அரசாங்க கஜானாவுக்கு. பறிகொடுத்தவளுக்குப் பைசா கிடையாது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. 18 மாதம் கழித்து அது முழுதாக நடைமுறைக்கு வரும்போது 43ஏ-யையும் எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது வயிற்றெரிச்சல். அதனால்தான் தள்ளிப்போடாதே என்கிறேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் கேள்: என்னென்ன விவரம் போனது, எப்போது போனது, எப்போது உங்களுக்குத் தெரிந்தது. போனில் கேட்காதே. ரிஜிஸ்தர் தபாலைத்தான் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களே, அதிலேயே அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வை.

கேஸ் என்று போனால் பெயர் வெளியே வருமே, உன் மாமியார் என்ன நினைப்பார் என்று நீ யோசிப்பது தெரியும். வெளியே வந்துவிட்டதே அம்மா. எவனோ ஒருவன் உன் ஊசியின் பெயரைச் சொல்கிறான்; சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் என்ன? குழந்தைக்காக வைத்தியம் பார்ப்பது திருட்டா?

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கையெழுத்தே போட்டாலும் எனக்கு நீ என் பிள்ளைதான், ஒரு சொல் சொல்லமாட்டேன். பெரியம்மா பருப்புப் பொடியும் தேன்குழலும் செய்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். அந்தத் தாளையும் எடுத்து வை, சும்மா பார்க்கத்தான். மாப்பிள்ளையிடம் மதியம் சமையல் எதுவும் வேண்டாமென்று சொல், ரசம் போதும். நேரத்துக்குத் தூங்கு, கண்ணு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா