பத்திரம் இல்லாத பங்கு

வேன், மதிய பிரியாணி, குலுக்கல் பரிசு என்று களைகட்டும் மனை விற்பனையைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் மக்கள் நன்கறிவர். கோடை விடுமுறைக்கு மலைவாசத் தலம் ஒன்றிற்குச் சென்ற இடத்தில் 'டைம்ஷேர்' விற்பனை அரங்கிற்குள் அழைக்கப்படும்போது அதையும் மனையின் மறுவடிவம் என்று அவர்கள் எண்ணிவிடுவதில் வியப்பில்லை; ஏனைய தவறான நம்பிக்கைகளுக்கெல்லாம் வேர் இதுவே. டைம்ஷேர் என்பது, ஓய்வு விடுதியின் அறையை ஆண்டுதோறும் சில நாள், பெரும்பாலும் ஒரு வாரம், பயன்படுத்தும் உரிமையைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து முன்பணமாக வாங்குவதாகும். 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் நிறுவனம் தொடங்கியதையொட்டி ஐரோப்பாவில் பரவிய இம்முறையை, 1986இல் சென்னையில் உருவான ஸ்டெர்லிங் நிறுவனம் இந்தியாவில் பரவலாக்கியது.

இந்தியாவில் இன்று பெரும்பாலும் விற்கப்படுவது மன்ற உறுப்பினர் தகுதிதான். அது சட்டப்படி பயன்படுத்துவதற்கான அனுமதியே தவிர நிலத்தில் பங்கு அன்று. ஆகவே வில்லியனூர், பாகூர் சார்பதிவாளர் அலுவலகங்களில் மனைக்குப் பதிவாவது போன்ற கிரயப் பத்திரம் இதற்கு விடுதி இருக்கும் ஊரிலும் பதிவாவதில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் உறுப்பினரின் பெயர் வராது. எனவே 'முதலீடு' என்ற சொல் இங்கே பொருந்தாது. எடுத்துக்காட்டாக, 25 ஆண்டு உறுப்பினர் தகுதிக்கு 4 லட்சம் ரூபாய் கட்டினால், ஆண்டுக்கு 16,000 ரூபாய் ஆகிறது. தவணை வட்டியும், விடுதிக்குப் போனாலும் போகாவிட்டாலும் கட்டவேண்டிய ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் இதற்கு மேல்.

விற்பனை அரங்கிற்கு அழைக்கும் பரிசுக் கூப்பன் அதிர்ஷ்டத்தால் கிடைத்தது என்பது அடுத்த நம்பிக்கை. கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும் என்ற நிபந்தனையே அதன் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது: "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நயமாக நழுவும் வழி அங்கேயே அடைபடுகிறது. மணிக்கணக்கில் பேச்சு நீண்ட பிறகு மேலாளர் ஒருவர் வந்து இன்றைக்கு மட்டும் இந்த விலை என்று குறைப்பதும் வழக்கமான உத்தியே. பாதியில் எழுந்து போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூடத்தில் தேநீர் கொடுத்து உபசரித்தவர் முகம் வாடுமே என்ற தயக்கந்தான் பலரை உட்கார வைக்கிறது.

கையெழுத்திட்ட பின் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்பதும் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறை, காரணம் கூறாமலே விலகிக்கொள்ள 14 நாள் அவகாசம் தருகிறது. இந்தியாவில் டைம்ஷேருக்கென அப்படியொரு சட்டப்பூர்வ அவகாசம் இல்லை. சில நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே சில நாள் அவகாசம் தருவதுண்டு என்பதால், அந்த விதியை அட்டையைத் தேய்ப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நிறுவனம் இருக்கும் ஊருக்குப் போய்த்தான் வழக்காட வேண்டும் என்று அஞ்சிப் பேசாமல் இருந்துவிடுவோரும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க இடமளிப்பதால், பாகூர்வாசி புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுக்கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.