பனிக் கூம்பும் வகுப்பறைக் கலந்தாய்வும்

லடாக்கில் விதைப்பு நீர் வேண்டுவது ஏப்ரல், மே மாதங்களில். பனியாறுகள் உருகிப் பெருமளவில் நீர் இறங்குவதோ ஜூனில்தான். புவி வெப்பம் மிகுந்து பனியாறுகள் சுருங்க, இவ்விடர் பெருகுகின்றது. குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரை வசந்தம் வரை காப்பது எங்ஙனம்?

இவ்வினாவை ஆசிரியர் வகுப்பில் வைக்கலாம். ஒருவர் தொட்டி என்பார். மற்றொருவர் நிழல் என்பார். எக்கருத்தையும் தள்ளாது கரும்பலகையில் எழுதுக, கணக்கிடுதல் பின்னரே. இன்றேல் தயங்கும் மாணவர் வாய் திறவார்.

2013-14 குளிர்காலத்தில் லே அருகே பொறியாளர் சோனம் வாங்சுக்கும் மாணாக்கரும் எழுப்பிய விடை, பனிக் கூம்பு. மேட்டு ஓடையிலிருந்து குழாய்வழி இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழுந்து சிதறிக் கடுங்குளிரில் உறையும், பம்பு வேண்டுவதில்லை. 100 கன மீட்டர் பனியை 10 சென்டிமீட்டர் தடிப்பில் பரப்பினால் வெயில் படும் பரப்பு 1,000 சதுர மீட்டர். 6 மீட்டர் உயரக் கூம்பாக்கினால் ஏறத்தாழ 90 மட்டுமே. ஆதலின் மெல்ல உருகும். அம்முதற் கூம்பு மே மாதம் வரை நின்றது.

அரைக்கோளத்திற்குப் பரப்பு இன்னுங் குறைவாயிற்றே, கூம்பு ஏன் என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். சிதறி விழும் நீர் தானே எவ்வடிவாகக் குவியும் என்பதை அவரே ஆராயட்டும்.