கார்ட்டூன் வேலைக்கு மையா, டேப்லெட்டா?

கார்ட்டூனிஸ்ட் ஆக விரும்பும் இளைஞர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த டேப்லெட் வாங்கலாம்?" என்றுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஒரு பாட்டில் இந்தியன் இங்க், ஒரு நிப் பேனா, ஒரு மெல்லிய பிரஷ், கொஞ்சம் கார்ட்ரிட்ஜ் தாள். ஆறு மாதத்துக்கு இவை போதும்.

காரணம், கோடு. மையில் போட்ட கோட்டைத் திரும்பப் பெற முடியாது. அதனால் போடுவதற்கு முன்பே தீர்மானிக்கக் கை பழகிவிடும். திரையிலோ 'அன்டூ' இருக்கிறது. ஒரே மூக்கை இருபது தரம் போட்டு அழித்தால், கடைசியில் மிஞ்சும் கோடு சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. ஆனந்த விகடனில் கோபுலு வரைந்த படங்களை எடுத்து, மையிலேயே பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகுங்கள். எங்கே அழுத்தினார், எங்கே சும்மா விட்டார் என்பது கைக்குப் புரியும். (பயிற்சிக்கு மட்டும். சொந்தப் பெயரில் இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடாதீர்கள்.)

ஆனால் தாளோடு நின்றுவிட்டால் வேலை கிடைப்பது கஷ்டம். படம் முடிந்த பிறகு மாலை ஏழு மணிக்குப் போன் வரும்: "அமைச்சர் ராஜினாமா பண்ணிட்டார், முகத்தை மாத்திக் குடுங்க." தாளில் என்றால் வெள்ளை போஸ்டர் கலர் பூசி, காயவைத்து, அதன்மேல் வரைய வேண்டும். லேயர் பிரித்து வரைந்திருந்தால் சில நிமிட வேலை. வசன பலூனையும் தனி லேயரில் வையுங்கள். அதிகம் மாறுவது வசனம்தான். எழுத்தை மட்டும் கையால் எழுதுங்கள். கணினி எழுத்துருவில் அடித்த வசனம், அரசாங்க அறிவிப்புபோலத் தெரியும்.

என் கட்சி கலப்பு முறை. பென்சிலும் மையும் தாளில்; பிறகு 600 டிபிஐயில் ஸ்கேன்; வண்ணம் கணினியில். திரை இல்லாத சாதாரண பென் டேப்லெட்டும் இலவச மென்பொருளான கிரிட்டாவும் இதற்குத் தாராளம். புரோகிரியேட் ஒருமுறை காசு கட்டினால் போதும், ஆனால் ஐபேட் வேண்டும். போட்டோஷாப்புக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சம்பாத்தியம் வந்தபின் யோசிக்கலாம்.

டிஜிட்டல்காரர்கள் அச்சில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஜூம். திரையைப் பெரிதாக்கிச் சட்டைப் பொத்தானின் நூலைக்கூட வரைவார்கள். இரண்டு காலம் அகலத்தில் அச்சானால் அது வெறும் அழுக்கு. அச்சாகும் அளவில் ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டாவது, கறுப்பு. திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் வரைந்த கறுப்புக் கோட்டை அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் அது பெரும்பாலும் நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். செய்தித்தாள் அச்சில் நிறங்கள் இம்மி விலகினாலும் கோட்டோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். கோடு கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்திரிகைகளில் நிரந்தர வேலை குறைவு. பாடநூல், சிறுவர் நூல், விளம்பரம், ஸ்டோரிபோர்டு என்று பரவலாகத் தேடுங்கள். அங்கெல்லாம் கேட்பது ஃபைல்தான். கல்யாண வரவேற்பில் விருந்தினரை உட்காரவைத்து கேரிகேச்சர் போடும் வேலையில் இன்னும் தாளுக்குத்தான் மவுசு. கையில் வாங்கிக்கொண்டு போகலாமே!

பணவிஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது கால அளவைக் குறிப்பிடாவிட்டால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். 'நிரந்தரமாக' என்ற சொல் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேடிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தாளில் வரைந்த அசலை எப்போதும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் உரிமை ஓவியருடையதாக இருந்த படத்துக்கு, அவர் பங்கு கேட்க அதே சட்டம் இடம் தருகிறது.